தினசரி காலண்டரை வைத்து வானம் பார்ப்பது எப்படி

வானம் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்ததும் முதலில் போனில் ஆப் தேடுகிறோம், அப்புறம் டெலஸ்கோப் என்ன விலை என்று பார்க்கிறோம், விலையைப் பார்த்த கையோடு ஆசையையும் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்குகிற தினசரி காலண்டர் போதும். ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்த்துத்தானே தாளைக் கிழிக்கிறோம், அதே தாளில் திதி, நட்சத்திரம் என்று இரண்டு வரி இருக்கும். ஜோசியக்காரர்களுக்கானது என்று நினைத்துப் பல வருஷம் நானும் அதைச் சீண்டியதில்லை. உண்மையில் அந்த இரண்டு வரியும் நிலா இன்றைக்கு என்ன வடிவத்தில், எத்தனை மணிக்கு, வானத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்கிற குறிப்பு. ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். தாளில் இருப்பது கணக்கு.

திதி: எப்போது, எந்த வடிவம்

சூரியனிடமிருந்து நிலா எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பதுதான் திதி. 12 டிகிரிக்கு ஒரு திதி, 30 திதிக்கு ஒரு சுற்று. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாள் ஆகிறது, அதனால் ஒரு திதி ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு. நிலா எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் சில திதி 20 மணி நேரத்தில் முடிந்துவிடும், சில திதி 26 மணி நேரத்தைத் தாண்டியும் இழுக்கும். காலண்டரில் 'மாலை 4.12 வரை சதுர்த்தி, பிறகு பஞ்சமி' என்று போட்டிருப்பது இதனால்தான். ராத்திரி வானம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த 'பிறகு'க்குப் பின்னால் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வளர்பிறையில் திதியின் எண்ணை 48 நிமிடத்தால் பெருக்குங்கள், சூரியன் மறைந்த பிறகு அவ்வளவு நேரம் நிலா வானத்தில் இருக்கும். பஞ்சமி என்றால் ஐந்து பெருக்கல் 48, நான்கு மணி நேரம். 6.20-க்கு இருட்டினால் 10.20 வாக்கில் நிலா மேற்கே இறங்கிவிடும். அஷ்டமியன்று பொழுது சாயும்போது அரை நிலா ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும், நள்ளிரவில் மறையும். பௌர்ணமிக்குப் பிறகு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: தேய்பிறையில் சூரியன் மறைந்து அத்தனை நேரம் கழித்து நிலா கிழக்கே எழும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கிறவர்கள் ஒன்பது, ஒன்பதரை வரை பசியோடு மொட்டைமாடியில் நின்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று இப்போது புரியும், நாலு பெருக்கல் 48. அரை மணி முன்னே பின்னே இருக்கலாம், சில மாதங்களில் இன்னும் கொஞ்சம் கூடவும் தவறலாம்.

காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மேற்கு வானத்தில் வெளுத்துப்போன நிலா தெரிந்தால் 'பகலில் நிலாவா' என்று யாராவது போட்டோ எடுப்பார்கள். தேய்பிறை அஷ்டமி நிலா நடுராத்திரியில் எழுந்து நண்பகலில் மறையும், அவ்வளவுதான் சங்கதி. ஒளிர்கிற பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும், அதனால் மாலையில் மேற்குப் பக்கம் வெளிச்சமாக இருந்தால் வளர்பிறை, விடியலில் கிழக்குப் பக்கம் வெளிச்சமாக இருந்தால் தேய்பிறை. வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மூன்றாம் பிறை

எனக்குப் பௌர்ணமியைவிட இது பிடிக்கும். அமாவாசைக்கு மறுநாள் பெரும்பாலும் கண்ணுக்குச் சிக்காது, அதற்கடுத்த நாள் சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்து மேற்கே பாருங்கள். அடிவானத்தில் மரமோ கட்டடமோ மறைக்காத இடம் வேண்டும். ரமலான் பிறை பார்க்கப் பள்ளிவாசல் மாடியில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சில நிமிட நேரத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். கண் ஒரு இடத்தில் பிடித்துவிட்டால் 'எப்படி இவ்வளவு நேரம் தெரியாமல் இருந்தது' என்று தோன்றும். பிறைக்குள்ளே மிச்ச வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அது பூமியிலிருந்து பட்டுத் திரும்பிய வெளிச்சம், அதாவது நம்முடைய நிலவொளி அங்கே போய் விழுகிறது.

பிறையின் சாய்வையும் கவனியுங்கள். மாசி, பங்குனியில் நம் ஊர் பிறை கிட்டத்தட்டப் படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் அதே பிறை சாய்ந்து நின்று வடக்கு முனை நன்றாக உயர்ந்திருக்கும். வடகோடு உயர்ந்தால் ஒரு பலன், தென்கோடு உயர்ந்தால் ஒரு பலன் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். மாலை நேரத்தில் சூரியனும் நிலாவும் போகிற பாதை பங்குனியில் அடிவானத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது, புரட்டாசியில் தெற்கே சாய்ந்துவிடுகிறது, பிறையும் கூடவே சாய்கிறது. மழைக்கும் விலைவாசிக்கும் இதில் பங்கு இல்லை. நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பதையும் நான் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன், பாடு பார்த்த மாதத்திலும் பார்க்காத மாதத்திலும் ஒரே அளவுதான்.

நட்சத்திரம்: எந்த இடம்

இதுதான் காலண்டரில் உள்ள புதையல். இன்று ரோகிணி என்று போட்டிருந்தால் நிலா இன்று ரோகிணியின் பகுதியில் இருக்கிறது என்று அர்த்தம். வெளியே போய் நிலாவுக்குப் பக்கத்தில் பாருங்கள், செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அதுதான் ரோகிணி. நிலா ஒரு நாளைக்கு 13 டிகிரி கிழக்கே நகர்கிறது, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் 10 டிகிரி, ஆக ஒரு முஷ்டியும் இன்னும் கொஞ்சமும். மறுநாள் நிலா மிருகசீரிடத்துக்குப் போயிருக்கும், ரோகிணி அதே இடத்தில் இருக்கும். இப்படி நிலாவையே கைகாட்டியாக வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தில் பத்துப் பதினைந்து நட்சத்திரம் அடையாளம் தெரிந்துகொள்ளலாம். நான் கற்றுக்கொண்டது இப்படித்தான், புத்தகத்தில் இருக்கும் கோடு போட்ட படங்கள் எனக்கு ஒருநாளும் வானத்தோடு ஒத்துப்போனதில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லா நட்சத்திரமும் நிலாவின் பாதை ஓரமாகவே உட்கார்ந்திருக்கவில்லை. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை, இந்த நாலும் நம்பகமானவை. நல்ல வெளிச்சம், பாதையை ஒட்டியே இருக்கும், சில வருஷங்களில் நிலா இவற்றை ஒரு மணி நேரம் முழுதாக மறைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் சுவாதியும் திருவோணமும் பாதையிலிருந்து மூன்று முஷ்டி வடக்கே தள்ளி இருக்கின்றன, திருவாதிரை ஒன்றரை முஷ்டி தெற்கே. அந்த நாட்களில் நிலாவுக்குப் பக்கத்திலேயே தேடினால் ஏமாற்றம்தான். இன்னொன்று, பழைய வாய்பாட்டு முறையில் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் கணக்கில் போடுகிற திருக்கணிதத்துக்கும் சில மணி நேர வித்தியாசம் வரும். விசேஷத்துக்கு உங்கள் வீட்டு வழக்கப்படி எதை வேண்டுமானாலும் பாருங்கள், வானத்துக்குத் திருக்கணிதம்.

இதே நட்சத்திரத்துக்கு நிலா திரும்பி வர 27.3 நாள், ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள். இரண்டு நாளுக்கு மேல் இடிக்கிறது இல்லையா, அதனால் ஒவ்வொரு பௌர்ணமியும் முந்தைய பௌர்ணமியைவிட இரண்டு மூன்று நட்சத்திரம் தள்ளி வருகிறது. சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம், மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாம் இந்தக் கணக்குதான். மாசி மகத்தன்று நிலாவுக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒன்று இருந்தால் அது மகம், சித்ரா பௌர்ணமியன்று இருந்தால் அது சித்திரை. திருவிழா பெயரிலேயே விடை இருக்கிறது, நாம்தான் தேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

கார்த்திகைதான் கொஞ்சம் கஷ்டம். அறுமீன் என்று சங்ககாலத்திலேயே பெயர் வாங்கிய அந்தச் சின்னக் கொத்து தீபத்தன்று முழு நிலாவின் வெளிச்சத்தில் அமுங்கிப்போகும். கட்டைவிரலால் நிலாவை மறைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் பொறுத்து, நிலா எழ நேரமாகிற தேய்பிறையில், இருட்டியதும் கிழக்கே பாருங்கள், ஆறும் தெரியும். கண் நன்றாக இருந்தால் ஏழு.

பௌர்ணமி நிலாவின் உயரமும் மாதத்துக்கு மாதம் மாறும். முழு நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால், சூரியன் தெற்கே இறங்கிய மார்கழியில் நிலா வடக்கே ஏறி நடுநிசியில் உச்சந்தலைக்கு வந்துவிடும், சென்னையில் நின்றால் உச்சியையும் தாண்டிக் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். ஆனியில் தெற்கு வானத்தோடு போய்விடும். மொட்டைமாடியில் நிலாச்சோறு சாப்பிட மார்கழி, தை நிலாவுக்கு ஈடு கிடையாது. சித்ரா பௌர்ணமி மாலை கன்னியாகுமரியில் இருக்க முடிந்தால் இருங்கள், ஒரு பக்கக் கடலில் சூரியன் இறங்க மறு பக்கக் கடலில் நிலா ஏறும். சூப்பர் மூன் என்று செய்தியில் அலறுவதை மட்டும் நம்பி வண்டி எடுக்காதீர்கள். மிக அருகில் வரும் நிலாவுக்கும் மிகத் தொலைவில் உள்ள நிலாவுக்கும் அகலத்தில் 14 சதவீதம்தான் வித்தியாசம், அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லாததால் கண்ணுக்கு உறைக்காது.

இருட்டு வாரம்

நட்சத்திரம் பார்க்க அமாவாசையை ஒட்டிய வாரம். ஊருக்கு வெளியே போய், போனைப் பையில் போட்டுவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். ஒருமுறை போனைத் திறந்தால் அந்த இருபது நிமிடமும் வீண்.

தை, மாசி நம் வானத்தின் பொற்காலம். மழை ஓய்ந்திருக்கும், புழுக்கம் ஆரம்பித்திருக்காது, பனிக்குத் துண்டு மட்டும் போதும். எட்டு மணிக்கு மிருகசீரிடமும் திருவாதிரையும் சேர்ந்த வேட்டைக்காரன் உருவம் உச்சியை நெருங்கியிருக்கும், இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அந்த வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே அதிகம் ஜொலிக்கிற சிரியஸ். அதற்குக் கீழே தெற்கில் தாழ்வாக இன்னொன்று பிரகாசமாக நிற்கும், அதுதான் அகத்தியர். ஐரோப்பாவில் பல நாடுகளில் இருப்பவர்களுக்கு அகத்தியர் அடிவானத்துக்கு மேலேயே வருவதில்லை, நமக்குச் சென்னையிலேயே இரண்டரை முஷ்டி உயரம்.

சித்திரை, வைகாசியில் வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. வால் நடுவில் இருக்கிற வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் கூரையைக் காட்டி 'பார்த்தாச்சா' என்று கேட்க, தலையை ஆட்டிவிட்டு வந்தோமே, அவளை ஒருமுறையாவது நிஜமாகப் பார்த்துவிடுங்கள். அதே நேரம் தெற்கே தென்சிலுவை: ஏப்ரல் 20 வாக்கில் இரவு பத்தரைக்கும், மே 20 வாக்கில் எட்டரைக்கும் அது நேர் தெற்கில் நிற்கும். கன்னியாகுமரியில் இரண்டு முஷ்டி, சென்னையில் ஒன்றே முக்கால். ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்ததற்கு மலை இருட்டு மட்டும் காரணம் இல்லை, 12.5 டிகிரி அட்சரேகையில் இருந்து தென்வானத்தையும் நிறையவே பார்க்கலாம். அங்கே இருக்கிற 2.3 மீட்டர் கண்ணாடித் தொலைநோக்கி 1986-லிருந்து வேலை செய்கிறது.

ஆனி, ஆடியில் தெற்கே தேள். அனுஷம் தலைப் பக்கம், சிவப்பாகக் கேட்டை நடுவில், மூலம் கொடுக்கில். வானத்தில் பார்த்ததும் பெயருக்கு ஏற்ற உருவம் தெரிகிற கூட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கொடுக்கை ஒட்டித்தான் பால்வீதியின் மையப் பகுதி. மேற்கு மாவட்டங்களில் சாரல் மேகம் விட்டால்தான் உண்டு. புரட்டாசிக்கு மேல் பூரட்டாதி, உத்திரட்டாதி சேர்ந்து பெரிய சதுரம், கட்டிலின் நாலு கால் மாதிரி. அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும், குடையை எடுங்கள்.

எரிகல் மழை

எரிகல் மழைக்குத் தேதி தெரிந்தால் மட்டும் போதாது, திதியும் தெரிய வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் ஜெமினிட் எரிகல் மழை என்று படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி மாடிக்குக் கூட்டிப் போனேன். கார்த்திகைக்கு ஏற்றிய அகல் விளக்குகள் கைப்பிடிச் சுவரில் எண்ணெய் பிசுக்கோடு அப்படியே இருந்தன. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தலைக்கு மேலே நிலா டியூப்லைட் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டு எரிகல், அதில் ஒன்று விமானமாகவும் இருக்கலாம். அத்தை இன்றைக்கும் டிசம்பர் வந்தால் "மழைக்குக் குடை எடுத்துட்டு வரணுமாடா?" என்று கேட்கிறார்.

ஜெமினிட் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 13, 14 இரவில் உச்சத்துக்கு வரும். இருட்டான இடத்தில் மணிக்கு ஐம்பதுக்கு மேல்கூடப் பார்க்கலாம், நடுநிசிக்குப் பிறகு அது புறப்படும் திசை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. மற்ற எரிகல் மழைகள் பெரும்பாலும் வால்வெள்ளி விட்டுப்போன தூசி, இது 1983-ல் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோளிலிருந்து வருகிறது. 2026-ல் அமாவாசை டிசம்பர் 9-ல் வருவதால் 13-ம் தேதி பிறை இரவு பத்து மணிக்குள் மறைந்துவிடும், மேகம் மட்டும் மனது வைக்க வேண்டும். மே 5, 6 விடியலில் மூன்றரை மணிக்கு மேல் கிழக்கே பார்த்தால் ஹாலி வால்வெள்ளியின் தூசி விழுவதைப் பார்க்கலாம், அது நம்மைப் போல் தெற்கே இருப்பவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கும். ஆகஸ்ட் 12, 13 பெர்சீட் உலகப் புகழ் பெற்றது, ஆனால் அது புறப்படும் திசை நமக்கு இரவின் பெரும்பகுதி வடக்கே தாழ்வாகவே இருப்பதால் புகழுக்கு ஏற்ற எண்ணிக்கை வராது. 2026-ல் அது ஆடி அமாவாசையிலேயே வருகிறது, அதனால் ஒரு முயற்சி செய்யலாம்.

கிரகணமும் நிழலில்லா நாளும்

நிலாவின் பாதை சூரியனின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கிரகணம் வருவதில்லை. இரண்டு பாதையும் வெட்டுகிற புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே சாப்பிடவும் செய்யலாம். 2028 டிசம்பர் 31 இரவு ஒரு முழுச் சந்திர கிரகணம் நமக்குக் கிடைக்கும், பத்தரை மணி வாக்கில் நிலா செம்பு நிறத்தில் இருக்கும். சூரிய கிரகணத்துக்கு மட்டும் கிரகணக் கண்ணாடி கட்டாயம், எக்ஸ்ரே பிலிமும் மஞ்சள் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். கண்ணாடி இல்லையென்றால் மரத்தடிக்குப் போய்த் தரையைப் பாருங்கள். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தில் கோவை, திண்டுக்கல் பக்கம் வளையம் தெரிந்தது, மற்ற ஊர்களில் இலை இடுக்கு வழியே விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறையாக இருந்தது. நம் பக்கம் அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21, கேரளம், தென் தமிழகம் வழியாகப் போகிறது.

நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிற நிழலில்லா நாள் வருஷத்துக்கு இரண்டு முறை, நிச்சயம் வரும். சூரியன் வடக்கே போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். மதுரையில் ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 வாக்கில். யாழ்ப்பாணத்தில் மதுரைக்கு ஒரு நாள் முன்பின். சாண் நீளத்துக்கு ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை வெயிலில் நிமிர்த்து நிறுத்துங்கள். நண்பகலில் வெளியே நிழலே இருக்காது, குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அடித்தரை முழுக்க வெயில் விழுந்திருக்கும். நண்பகல் என்றால் கடிகாரத்தில் 12 இல்லை, சென்னையில் ஏப்ரல் 24 அன்று 12.07. மேற்கே போகப் போக இன்னும் தாமதம்.

சித்திரை ஒன்றாம் தேதி சூரியன் எந்த ஊருக்கு நேர் மேலே நிற்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிவகாசி. நாம் கிழிக்கிற காலண்டர்களில் பெரும்பாலானவை அச்சாகிற அதே ஊர். அங்கே இருக்கிறவர்கள் வருஷப் பிறப்பன்று மதியம் 12.19 வாக்கில் குழாயோடு வாசலுக்கு வாருங்கள். குழாய் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு இல்லையென்றால் நூலில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்க்கலாம், ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் நிழல் விழுந்துவிடும்.